பன்மொழி நகரில் விடை தேடுவோர்க்கு



பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் காலை வேளையில் கால் மணி நேரம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். சேலத்திலிருந்து வந்திறங்கிய முதியவர் ஒருவர், அல்சூருக்குப் போகும் வண்டி எது என்று தமிழிலே கேட்பார். கண்டக்டர் கன்னடத்திலே பதில் சொல்வார். பக்கத்தில் பூக்கூடையுடன் நிற்கும் அம்மாள், அந்த வண்டி சுற்றிக்கொண்டு போகும் என்று தெலுங்கிலே திருத்துவாள். உருதுவிலே மற்றொருவர் கையை நீட்டி வண்டி நிற்கும் இடத்தைக் காட்டுவார். முதியவர் சரியான வண்டியில் ஏறி அமர்ந்துவிடுவார். நான்கு மொழிகள் புழங்கின, மொழிபெயர்த்தவர் ஒருவருமில்லை.

வாய்மொழியில் இத்துணைத் தாராளமாக இருக்கும் நகரம், காகிதத்தில் அவ்வாறிருப்பதில்லை. காகிதத்துக்கு மொழி ஒன்றுதான். அதைக் காட்டும் கையுமில்லை, முகக்குறிப்புமில்லை. கேட்டவருக்குப் புரிந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதுமில்லை. பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்த நம்மவர் பலருக்கு இடர்ப்பாடு நேரும் இடம் இதுவே. கேள்வி நம்மிடம் தமிழில் இருக்கிறது. அதற்குரிய விடையோ எங்கோ ஒரு காரியாலயத்தில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ முன்னமே எழுதப்பட்டு இருக்கிறது. இவ்விரண்டையும் சந்திக்க வைப்பது எங்ஙனம்? மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவனாதலின், நாள்தோறும் என் மேசையில் கிடக்கும் வினா இது. அதனைக் குறித்தே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நம் நிலையைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கர்நாடக மாநிலத்தில் தமிழைத் தாய்மொழி என்று பதிவு செய்தவர்கள் 21 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களிற் பெரும்பகுதியினர் பெங்களூரிலும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் வாழ்பவர்கள். 1809இல் இங்கே படைப்பாசறை நகரம் அமைந்த காலந்தொட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்களும் இவர்களுள் உண்டு. சென்ற வாரம் ஓசூர் வழியாக வந்தவர்களும் உண்டு. முன்னவர்களுக்குக் கன்னடம் வீட்டுமொழி போல ஆகிவிட்டது. பின்னவர்களுக்குக் கன்னட எழுத்து கோலம் போலத் தோன்றுகிறது. என் பேச்சு பின்னவர்களை நோக்கியது.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். நம் அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சிறியது; ஆனால் நம் போன்றோருக்கு மிகவும் வேண்டியது. குறை தீர்க்கக் கோரி மத்திய அரசாங்கத்தின் அல்லது மாநில அரசாங்கத்தின் எந்த உத்தியோகஸ்தரிடமும், எந்த அதிகார பீடத்திடமும், மத்தியிலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுச் செய்துகொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது அது. ஆதலின் தமிழில் எழுதிய மனுவை, தமிழில் இருப்பது ஒன்றையே காரணமாகக் காட்டி ஒருவர் தள்ளிவிடுவது முறையன்று.

ஆயினும் அப்பிரிவைக் கூர்ந்து படியுங்கள். மனுச் செய்யும் மொழியைப் பற்றி அது பேசுகிறது. விடை வரும் மொழியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்திக்கு அத்தகைய ஏற்பாடு தனியே உண்டு. 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகளின்படி, இந்தியில் வரும் கடிதத்துக்கு மத்திய அரசாங்கக் காரியாலயம் இந்தியிலேயே விடையளித்தல் வேண்டும். (இவ்விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று அவற்றின் முதல் விதியே கூறுவது பலர் அறியாத செய்தி.) தமிழுக்கோ வங்காளிக்கோ மராத்திக்கோ இத்தகைய விதி இல்லை. கர்நாடகத்தில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் கன்னடம் ஆட்சிமொழி ஆயிற்று. அம்மாநில அரசாங்கக் காரியாலயம் கன்னடத்தில் விடையளிப்பது அதன் கடமையே ஆகும். அதிற் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. நாம் தமிழிற் கேட்கலாம். விடை கன்னடத்தில் வரும். இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதனினும் சற்று இறுக்கமானது. 2005ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு, விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அவ்விடத்து ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும் என்கிறது. பெங்களூரில் உள்ள மாநில அரசாங்கக் காரியாலயத்திடம் தமிழில் அவ்விண்ணப்பம் செல்லாது. 350ஆம் பிரிவு குறை தீர்க்கும் மனுவுக்கு. இது தகவல் கேட்கும் விண்ணப்பத்துக்கு. இரண்டையும் ஒன்றாகக் கருதித் தமிழில் எழுதியனுப்பிவிட்டு 30 நாள் காத்திருந்து ஏமாந்தவர்களை நான் அறிவேன். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதனை எழுத்தில் அமைக்கத் தகுந்த உதவி செய்வது தகவல் அலுவலரின் கடமை என்று அதே பிரிவு சொல்கிறது. கூச்சமின்றி அவ்வுதவியைக் கேட்டுப் பெறலாம்.

மொழிவழிச் சிறுபான்மையோருக்கு வேறொரு காப்பும் உண்டு. மாநிலங்கள் மொழிவழி பிரிந்த 1956ஆம் ஆண்டில், ஓரிடத்து மக்களில் 15 முதல் 20 விழுக்காடு வரை ஒரு சிறுபான்மை மொழியினராக இருந்தால், முக்கியமான அரசாங்க அறிவிப்புகளை அம்மொழியிலும் வெளியிடுவது நலம் என்று மத்திய அரசாங்கம் குறிப்பொன்றில் தெரிவித்தது. இதனைக் கண்காணிக்க 350-ஆ பிரிவின்கீழ் ஒரு தனி அலுவலரும் 1957 முதல் இருந்து வருகிறார். எனினும் அக்குறிப்பு ஒரு பரிந்துரையே. அதைக் கையிற் பிடித்துக்கொண்டு தாலுகா காரியாலயத்து ஜன்னலில் வாதாடி வெற்றி கண்டவரை நான் இதுவரை கண்டதில்லை.

சட்டம் இவ்வளவில் நிற்க. மெய்யாகவே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் பூ விற்கும் ஓர் அம்மாள் இருக்கிறாள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம். கட்டட வேலை செய்துவந்த கணவன் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனான். இரண்டு பிள்ளைகள். கைம்பெண்களுக்கு அரசாங்கம் தரும் மாதாந்தர உதவிக்கு அவள் விண்ணப்பம் செய்தாள். கன்னடத்தில் அதற்கு ‘விதவா வேதன’ என்று பெயர். வேதனம் என்பது சம்பளம் என்று நாம் அறிந்த வடசொல்தான். ஆனால் அவளுக்கு அது ‘வேதனை’ என்றே காதில் விழுந்ததாம். அதுவும் பொருத்தந்தான் என்று நினைத்துக்கொண்டாளாம்.

இரண்டு மாதத்தில் ஒரு கடிதம் வந்தது, முழுவதும் கன்னடத்தில். கன்னடம் கற்கும் பள்ளிச் சிறுவன் ஒருவனை அழைத்துப் படிக்கச் சொன்னாள். அவன் பிழையின்றிப் படித்தான். கடிதத்தின் இறுதியில் ‘கொனெய அவகாச நீடலாகிதெ’ என்றிருந்தது. அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். நமக்கு அவகாசம் என்றால் காலம், தவணை, ஆறுதலாகச் செய்ய இடம். ஆகவே அவசரமில்லை என்று கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னே வைத்துவிட்டாள். கன்னடத்திலோ ‘அவகாச’ என்பது வாய்ப்பு. ‘கொனெய’ என்பது கடைசி. பெயரில் உள்ள வேறுபாட்டுக்குச் சான்று காட்ட, 15 நாட்களுக்குள் நேரில் வரும்படி அவளுக்குக் கடைசி வாய்ப்பு அளிக்கப்பட்டிருந்தது.

அடுத்த கடிதம் வந்தபோதுதான் அதை என்னிடம் கொண்டுவந்தாள். அது விண்ணப்பம் தள்ளப்பட்டது என்று அறிவிக்கும் கடிதம். முதற் கடிதத்தையும் வாங்கிப் படித்து நான் பொருள் சொன்னபோது, “அவகாசம் குடுத்திருக்காங்கன்னுதானே அண்ணா அந்தப் பையன் படிச்சான்?” என்றாள். பையன் படித்ததில் தவறில்லை. அவள் கேட்டதிலும் தவறில்லை. எழுதிய குமாஸ்தாவும் தம் மொழியைச் சரியாகவே எழுதியிருந்தார். ஆனாலும் ஐந்து மாதப் பணம் போயிற்று.

அறியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. அறியாததென்று தெரிந்து, யாரையாவது கேட்போம். ஏமாற்றுவது அறிந்தது போலத் தோன்றும் சொல். தமிழும் கன்னடமும் உடன்பிறந்த மொழிகளாதலின் இத்தகைய சொற்கள் மிகுதி. மனை என்றால் நமக்குக் காலி நிலம். கன்னடத்து ‘மனெ’ குடியிருக்கும் வீடு. காலி மனையை அவர்கள் ‘நிவேசன’ என்பார்கள். வரி செலுத்தும் படிவத்தில் இவ்விரண்டையும் மாற்றி நிரப்பியவருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். ‘அனுமான’ அங்கே சந்தேகம், நமக்கு ஊகம். ‘உபந்யாச’ அங்கே சொற்பொழிவு. அதே சொல் இந்தியில் நாவல். நமக்கோ பக்திச் சொற்பொழிவு. இந்தியில் ‘சிக்ஷா’ கல்வி. கன்னடத்தில் ‘சிக்ஷெ’ தண்டனை. இதைக் கேட்டு எங்கள் காரியாலயத்து இந்தி நண்பர் ஒருவர், இரண்டும் ஒன்றுதானே என்றார். அது வேறு விஷயம்.

உறவு உதவும் இடங்களும் உண்டு. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரம் ஆகியிருக்கிறது. பால் ‘ஹாலு’ ஆயிற்று. புலி ‘ஹுலி’ ஆயிற்று. பெயர் ‘ஹெசரு’ ஆயிற்று. நம் வகரம் பல இடங்களிற் பகரமாக ஒலிக்கும். வா என்பது ‘பா’, வேண்டும் என்பதற்கு ‘பேக்கு’. இவ்விரண்டு திரிபுகளை மட்டும் மனத்திற் கொண்டால், படிவத்தில் உள்ள சொற்களிற் பல தாமாகவே முகங்காட்டும்.

இனி, ஒரே பொருளுக்கு இரு மாநிலங்களில் இரு பெயர் வழங்குவதைச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், விடை கிடைக்காமற் போவதற்கு மொழியறியாமையைக் காட்டிலும் இதுவே பெருங்காரணம். நாம் ‘குடும்ப அட்டை’ என்கிறோம்; அங்கே ‘படிதர சீட்டி’. நாம் ‘வில்லங்கச் சான்று’ என்கிறோம். அங்கே அது ‘ருணபார’ப் பத்திரம். நாம் ‘மனு’ என்பதை அவர்கள் ‘அர்ஜி’ என்பார்கள். இது நம் பாட்டன்மார் காலத்துத் தமிழிலும் வழங்கிய சொல்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று முதலியன வழங்கும் இடம் ‘நாட கச்சேரி’. இச்சொல்லைச் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்து, அங்கே நாடகம் நடக்கிறதா என்று கேட்டவர் உண்டு. நாடு என்பதன் வேற்றுமை உருவமே ‘நாட’. கச்சேரி என்பது காரியாலயம். நாட்டு மக்களின் காரியாலயம் என்பது பொருள்.

நிலத்தின் கதை இன்னும் சிக்கலானது. ‘பட்டா வேண்டும்’ என்று நம்மவர் கேட்பார். பெங்களூர் நகரில் அவருக்கு வேண்டியது பெரும்பாலும் ‘காத்தா’ ஆக இருக்கும். இரண்டும் ஒன்றன்று. தமிழ்நாட்டுப் பட்டா வருவாய்த் துறை தருவது. காத்தா என்பது நகராட்சி மன்றம் வரி விதிப்பதற்காக ஒரு சொத்தின் மேல் வைத்திருக்கும் கணக்கு. அது உரிமைப் பத்திரம் ஆகாது. கிராமத்து விளைநிலத்துக்கு உரிய ஏடு ‘பஹணி’. அது நம் அடங்கலுக்கு நெருங்கியது. பட்டா என்ற சொல்லை அகராதி பார்த்துக் கன்னடமாக்கிக்கொண்டு போனால், அதிகாரி வேறொரு ஜன்னலுக்கு அனுப்புவார்; அங்குள்ளவர் மூன்றாம் ஜன்னலுக்கு அனுப்புவார். எவரும் பொய் சொல்லவில்லை. கேட்ட சொல்லுக்கே விடை சொல்கிறார்கள்.

ஆகையால் நமக்கு வேண்டியது சொல்லுக்குச் சொல் அன்று, காரியத்துக்குச் சொல். ‘இன்னது வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேட்பதினும், ‘இன்ன காரியத்துக்காக வந்திருக்கிறேன், அதற்கு இங்கே என்ன தேவை?’ என்று கேட்பது மேல். ‘இந்த வீட்டை என் பெயருக்கு மாற்றி வரி கட்ட வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். உத்தியோகஸ்தர் தாமே ‘காத்தா’ என்று சொல்வார். அச்சொல்லை அவர் சொன்னபடியே, கூடுமானால் அவர் கையாலேயே கன்னடத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஜன்னலில் அச்சீட்டைக் காட்டினாற் போதும்.

பெயர் பற்றி ஒரு சங்கதி. பூக்காரி அம்மாளின் விண்ணப்பம் நின்றுபோனது பெயரினால்தான் என்றேன் அல்லவா? தமிழில் ஒரே பகரத்தாற் குறிக்கும் ஒலிகளுக்குக் கன்னடத்தில் நான்கு எழுத்துகள். பாலன் என்ற நம் பெயரைக் கன்னடத்தில் எழுதுபவர் தமக்குத் தோன்றிய ஓர் எழுத்தைப் போடுவார். நம் ழகரம் இக்காலக் கன்னடத்தில் இல்லை. யாழினியும் கனிமொழியும் அங்கே ளகரம் பெறுவார்கள். பெண்பாற் பெயரின் ஈற்றில் ‘அம்ம’ என்பதைச் சேர்ப்பது அவர்கள் காட்டும் மரியாதை. ஆனால் ஒரு சான்றில் அது சேர்ந்தும் மற்றொன்றிற் சேராமலும் இருந்தால், இருவேறு ஆட்கள் என்று ஆகிவிடுகிறது. இதற்குமேல் நம் தலைப்பெழுத்து வேறு. மணமாகுமுன் தந்தையின் எழுத்து. மணமானபின் கணவனின் எழுத்து. தமிழ்நாட்டில் எவரும் வியப்படையார். வெளி மாநிலத்துக் குமாஸ்தாவுக்கு அது விளங்காத புதிராகிறது.

2010 முதல் வழங்கப்பட்டு வரும் ஆதார் அட்டையில் மாநில மொழியும் ஆங்கிலமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் எடுத்த அட்டையில் உள்ள தமிழைப் பெங்களூர் உத்தியோகஸ்தர் படிக்க இயலாது. ஆங்கில எழுத்துக்கூட்டையே பார்த்துக் கன்னடத்தில் எழுதுவார். ஆகவே உங்கள் பெயரைக் கன்னடத்தில் எவ்வாறு எழுத வேண்டும் என்பதை நீங்களே ஒருமுறை முடிவு செய்து, கன்னடம் நன்கறிந்த ஒருவரைக் கொண்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கு விண்ணப்பித்தாலும் அச்சீட்டை முன்னே வையுங்கள். மற்ற உபாயங்களையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

எழுத்து இவ்வாறு இடர் செய்யுமிடத்து எண் கைகொடுக்கும். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தபால் இலாகா ஆறிலக்கக் குறியீட்டைக் கொண்டுவந்ததன் காரணங்களுள் ஒன்று, ஒரே பெயருள்ள ஊர்கள் பல இருந்ததும், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்பட்டதுமாம். அன்று முதல் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினாலும் அந்த ஆறிலக்கம் கடிதத்தைக் கரை சேர்க்கிறது. அதுபோலவே மனு கொடுத்தவுடன் கிடைக்கும் ஒப்புகை எண். அதைக் கேட்டு வாங்காமல் ஜன்னலைவிட்டு நகராதீர்கள். பிறகு எம்மொழியில் விசாரித்தாலும் அந்த எண் நம் வழக்கை எடுத்துக் காட்டும். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மாநில அரசாங்கக் கடிதங்களில் தேதியும் எண்ணும் கன்னட இலக்கங்களில் இருக்கக்கூடும். கன்னட ஒன்றும் சுழியமும் அவசரமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். பத்து இலக்கங்களையும் கற்க ஒரு மாலைப்பொழுது போதும்.

தொலைபேசியிலே பல மொழிகளில் விடை சொல்லும் ஏற்பாடுகளும் இப்போது உண்டு. 2004ஆம் ஆண்டு ஜனவரி 21இல் தொடங்கிய உழவர் அழைப்பு மையம் 22 மொழிகளில் விடை அளிக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணைக் கூப்பிட்டால், உழவர் தம் மொழியிலேயே பயிர் நோயைச் சொல்லி மருந்தைக் கேட்டறியலாம். அங்கே விடை சொல்பவர் மொழியறிந்தவர் மட்டுமல்லர், வேளாண்மை கற்றவருங்கூட. அதுவே அதன் சிறப்பு. மொழி மட்டும் அறிந்தவரிடம் கேட்டால் அழகிய தமிழில் தவறான விடை கிடைக்கும்.

இயந்திர மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. 2022இல் மத்திய அரசாங்கம் ‘பாஷிணி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கைப்பேசியைக் கன்னடக் கடிதத்தின்மேற் காட்டினால் தமிழாக்கம் திரையிலே தோன்றுகிறது. தொழிலைப் பறிக்க வந்த பொருள் என்று நான் அதை வெறுக்கவில்லை, நானே பயன்படுத்துகிறேன். ஆயினும் அதனிடம் எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதை அறிதல் வேண்டும். கடிதம் எதைப் பற்றியது என்பதை அது பெரும்பாலும் சரியாகச் சொல்லும். தேதி, தொகை, ஊர்ப்பெயர், ‘இல்லை’, ‘கூடாது’ என்னும் எதிர்மறைகள் ஆகியவற்றை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஊரின் பெயரையே பொருள்கொண்டு மொழிபெயர்த்துவிடும் குறும்பு அதற்கு உண்டு.

நாம் தமிழில் எழுதி இயந்திரத்திடம் கொடுக்கும்போது வேறொன்று நேர்கிறது. தமிழில் எழுவாயை விட்டுவிடுவது வழக்கம். ‘சென்ற மாதம் விண்ணப்பித்தேன், வரவில்லை’ என்கிறோம். வராதது பணமா, அதிகாரியா, கடிதமா? நமக்கு ஐயமில்லை, இயந்திரம் ஊகிக்கிறது. ‘அவர்’ என்னும் மரியாதைச் சொல்லில் ஆணும் பெண்ணும் அடங்குவர். ஆங்கிலத்துக்குப் போகும்போது இயந்திரம் பல வேளைகளில் அவரை ஆணாக்கிவிடும். கைம்பெண் உதவி கேட்ட மனுவில் விண்ணப்பதாரர் ஆணாக மாறியிருந்ததை நானே கண்டேன். ஆகவே வாக்கியம் சிறிதாகவும், எழுவாயுடனும், யார் யாருக்கு என்ன செய்தார் என்பது தெளிவாகவும் எழுதுங்கள். எழுதியதை இயந்திரத்தைக் கொண்டே மீண்டும் தமிழாக்கிப் பாருங்கள். திரும்பி வந்தது நாம் அனுப்பியதுதானா என்பது தெரிந்துவிடும்.

மனிதரிடம் உதவி கேட்கும்போதும் இம்முறையே நலம். ‘ஏதோ கடிதம் வந்திருக்கிறது, என்னவோ கேட்கிறார்கள்’ என்றால் உதவ வருபவர் என் செய்வார்? என்ன காரியம், இதுவரை எங்கெங்கே சென்றீர்கள், அங்கே என்ன சொன்னார்கள் என்பவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். கடிதத்தின் சாரத்தைச் சொல்லாதீர்கள்; கடிதத்தையே காட்டுங்கள். நாம் சாரம் என்று நினைப்பதில்தான் ‘அவகாசம்’ போன்ற சொற்கள் ஒளிந்திருக்கின்றன.

இறுதியாக, ஒருவர் கண்ட விடை அடுத்தவருக்கு எவ்வாறு பயன்படுவது? பூக்காரி அம்மாளுக்கு நேர்ந்ததற்குப் பிறகு, எங்கள் பகுதியில் நாங்கள் நான்கைந்து பேர் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் ஒரு திண்ணையில் உட்காருகிறோம். இருவருக்குக் கன்னடம் நன்றாக வரும். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கடிதங்களைப் படித்துச் சொல்வதே முதலிற் செய்த பணி. ஆறு வாரத்துக்குள், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டோம். அதன்பின் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வாங்கினோம்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். கேட்டவர் சொன்ன சொற்களிலேயே கேள்வி, பேச்சுத் தமிழானாலும் திருத்துவதில்லை. அடுத்து வருபவரும் அச்சொல்லைக் கொண்டே தேடுவார் அல்லவா? அதன்கீழ் அப்பொருளுக்குக் காரியாலயத்தில் வழங்கும் பெயர், கன்னட எழுத்திலும் தமிழ் எழுத்திலும். பிறகு விடை. அதன்கீழ்த் தேதி. காரியம் முடிந்தபின் கேட்டவரே வந்து ‘முடிந்தது’ என்றோ, ‘முடியவில்லை, இன்னதும் கேட்டார்கள்’ என்றோ எழுத வேண்டும் அல்லது எழுதச் சொல்ல வேண்டும். இது மட்டும் நாங்கள் வற்புறுத்தும் விதி. ‘முடிந்தது’ என்ற குறிப்பில்லாத விடையை நாங்கள் பிறருக்குச் சொல்வதில்லை. வந்து சொல்லாதவர்களே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேலை முடிந்தால் மனிதர் திரும்பிப் பார்ப்பது அரிது, நாமும் அப்படித்தானே!

தேதி ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2007 முதல் பெங்களூர் நகரம் முழுவதும் ஒரே பெருநகர மாநகராட்சியின்கீழ் இருந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் பெரும் பெங்களூர் ஆட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. சொத்து வரி, காத்தா ஆகியவை பற்றி எங்கள் நோட்டில் இருந்த பக்கங்களையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரிபார்க்க வேண்டியதாயிற்று. தேதி மட்டும் இல்லாதிருந்தால், பழைய விடையைப் புதியதென்று நம்பி எத்தனை பேரை எந்தெந்த வாயிலுக்கு அனுப்பியிருப்போமோ!

இத்தகைய திண்ணையொன்றை அமைக்கப் பெரிய சங்கம் வேண்டுவதில்லை. சங்கம் இருந்தால் நலமே. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950 முதல் இயங்கி வருகிறது. பம்பாயிலும் டில்லியிலும் ஹைதராபாத்திலும் உள்ள நேயர்களும் தத்தம் ஊர் மொழியை அறிந்த ஒருவரும், ஒரு நோட்டும் கிடைத்தால் தொடங்கலாம். பட்டாவும் காத்தாவும் அங்கே வேறு பெயர் பூண்டிருக்கும். அப்பெயர்களை அவ்வூரில் இருப்பவர்களால்தான் திரட்ட முடியும்.

பூக்காரி அம்மாள் மறுபடியும் விண்ணப்பித்தாள். இம்முறை பெயர் எழுதிய சீட்டு, திருமணத்துக்கு முன்னும் பின்னும் தலைப்பெழுத்து மாறியதற்கு உரிய சான்று, முதற் கடிதம், இரண்டாம் கடிதம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். தமிழில் அவள் சொல்ல எழுதிய மனு ஒரு பக்கம். அதன் சுருக்கம் கன்னடத்தில் ஒரு பக்கம். நான்கு மாதங்கழித்துப் பணம் வரத் தொடங்கிற்று. முன்னே தவறிய ஐந்து மாதங்களுக்குரியது வரவேயில்லை. பணம் வந்த மறு ஞாயிறு அவள் திண்ணைக்கு வந்து, தன் பக்கத்தில் ‘முடிந்தது’ என்று எழுதச் சொன்னாள். பிறகு ஒரு கணம் நின்று, அந்தச் சொல்லையும் எழுதிவிடுங்கள் என்றாள். நோட்டின் முதற் பக்கத்தில், அகரத்தின்கீழ், ‘அவகாச: வாய்ப்பு. காலம் அன்று’ என்று எழுதியிருக்கிறோம்.